பிகேஎக்ஸெக்கிலிருந்து ஒரு பிட்டை எடுத்தபோது: பவ்ன்கிட் ஓட்டையும் எங்கள் மின்ட் கணினிகளும்

2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் யார் எதைச் செய்யலாம் என்று அனுமதி தரும் போல்கிட் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு வரும், வேறொரு நிரலை உயர் உரிமையோடு ஓட்டித்தரும் பிகேஎக்ஸெக் என்ற சின்ன நிரலில் ஒரு நினைவகச் சிதைவுப் பிழை. 2009 மே மாதம் அந்த நிரல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதே உடன் பிறந்த பிழை அது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும், எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாதவர்கூட, கடவுச்சொல் கேட்கப்படாமலே ரூட், அதாவது எல்லா உரிமையும் கொண்ட நிர்வாகி, ஆகிவிடலாம். பதிவு எண் சிவிஇ-2021-4034, வழக்குப் பெயர் பவ்ன்கிட். அறிக்கை வந்த அன்றே வேலை செய்யும் தாக்குதல் நிரல்களும் பொதுவெளிக்கு வந்துவிட்டன.

நான் பராமரிப்பவை ஒரு பயிற்சி மையத்துக் கணினிகள். தட்டச்சு, டிடிபி, கொஞ்சம் சி மொழி வகுப்பு. அப்போது பெரும்பாலானவற்றில் லினக்ஸ் மின்ட் 20. 32 பிட் செயலி கொண்ட பழையவற்றில் மின்ட் 19.3. வேறு எதோடும் ஒத்துப்போகாத ஒரு ஸ்கேனருக்காகவே உயிரோடு வைத்திருக்கும் மின்ட் 17 ஒன்று. ‘இணையம் வழியாக வர முடியாது, உள்ளூர்ப் பயனர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓட்டைதானே’ என்று இந்த மாதிரிச் செய்திகளைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஒரே நாற்காலியில் காலையிலிருந்து இரவு வரை ஆள் மாற்றி ஆள் உட்காரும் இடத்தில் எல்லோருமே உள்ளூர்ப் பயனர்தான். சி வகுப்பு நடப்பதால் கம்பைலரும் தயாராக இருக்கிறது. அப்புறம் என்ன பாக்கி?

முதலில் பிட்டை எடுத்தது

மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு அன்றே திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் மிரருக்கு (தொகுப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வருக்கு) அது உடனே வந்து சேரவில்லை. அதுவரைக்கும் குவாலிஸ் சொன்ன தற்காலிக மருந்து ஒற்றை வரிக் கட்டளை: யூஎஸ்ஆர்/பின் அடைவில் இருக்கும் பிகேஎக்ஸெக் கோப்பின் அனுமதியை சிஎச்மாட் கொண்டு 0755 ஆக்கிவிடுவது. அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு முன் எல்எஸ் மைனஸ் எல் போட்டுப் பார்த்தால், உரிமையாளருக்கான மூன்று எழுத்துகளில் கடைசியாக எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்று இருக்கும். அதுதான் செட்யுஐடி பிட். இந்தக் கோப்பை யார் ஓட்டினாலும், ஓட்டியவரின் உரிமையோடு அல்லாமல் கோப்பின் சொந்தக்காரரான ரூட்டின் உரிமையோடு ஓடும் என்று பொருள். மாற்றியபின் எஸ் போய் எக்ஸ் வந்துவிடும். ஓட்டை அப்படியே இருக்கும். ஆனால் அதன் வழியாக நுழைபவருக்குக் கிடைப்பது தன்னுடைய உரிமையே, ரூட் அல்ல. எனக்கு இந்த வகை மருந்து பிடிக்கும். என்ன செய்கிறோம் என்பது கண்ணெதிரே ஓர் எழுத்தாகத் தெரிகிறது.

விளைவும் உடனே தெரிந்தது. மெனுவில் டிஸ்க் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெட்டைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்திகூட வராது. அதையே டெர்மினலிலிருந்து ஓட்டினால்தான் பிகேஎக்ஸெக் செட்யுஐடி ரூட்டாக இருக்க வேண்டும் என்ற முணுமுணுப்பு கேட்கும். தொகுப்புகளை நிறுவும் சினாப்டிக்கும் அப்படியே. பெரிய வேடிக்கை, மின்ட்டின் அப்டேட் மேனேஜர். அது புதுப்பிப்புகளை நிறுவும்போது உள்ளுக்குள் அழைப்பது சினாப்டிக்கை. அந்த அழைப்பு போவது பிகேஎக்ஸெக் வழியாக. ஆக, ஓட்டையை அடைத்த கையோடு, திருத்தம் வந்துசேர வேண்டிய வழியையும் அடைத்தாகிவிட்டது. எந்த டெஸ்க்டாப் பயனராவது கட்டளையை மட்டும் பிரதி எடுத்து ஒட்டிவிட்டு, பிறகு ‘அப்டேட் ஆகமாட்டேன் என்கிறது’ என்று திகைத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். டெர்மினலில், கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டும் சூடோ போட்டு ஏபிடி அப்டேட், ஏபிடி அப்கிரேட் கொடுத்தால் போதும். சூடோவுக்கும் போல்கிட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

பென் டிரைவ் சொருகினால் திறக்கிறதா, வைஃபை மாற்ற முடிகிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் வழக்கம்போல வேலை செய்தன. அவை, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக, பின்னணியில் ஓடும் போல்கிட் டீமனிடம் அனுமதி கேட்பவை. பிகேஎக்ஸெக்கைத் தொடுவதே இல்லை. மாணவர்கள் பக்கமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. டிஸ்க் பார்ட்டிஷனை மாற்றுவது அவர்கள் வேலை இல்லையே.

எண்ணாமல் தாண்டிய முதல் இலை

மிரருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு மெய்நிகர் கணினியில் மின்ட் 20-ஐ, எந்தப் புதுப்பிப்பும் போடாமல், அதன் பழைய 5.4 கெர்னலோடு (இயக்குதளத்தின் மையப் பகுதி) நிறுவினேன். பிழையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். மையத்துக் கணினிகளில் இந்த மாதிரிச் சோதனை செய்வதில்லை.

ஒரு நிரல் தொடங்கும்போது கெர்னல் அதன் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இரண்டு வரிசைகளை அடுத்தடுத்து வைக்கிறது. முதல் வரிசை ஆர்க்வி: நிரலுக்கு நாம் கொடுத்த சொற்களின் முகவரிகள். வரிசை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்று முகவரி. அதை ஒட்டியே இரண்டாம் வரிசை என்வ்பி: சூழல் மாறிகள், அதாவது நிரலோடு கூடவே போகும் ‘பெயர்=மதிப்பு’ அமைப்புகள். ஆர்க்சி என்பது முதல் வரிசையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. சுழியாம் இடத்தில் எப்போதும் நிரலின் பெயர் உட்கார்ந்திருக்கும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். நடைமுறையில், நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அப்படித்தான் அனுப்புகிறது. ஆனால் அது மரபே ஒழிய விதி அல்ல. எக்ஸெக்விஇ என்ற கெர்னல் அழைப்புக்கு முதல் வரிசையையே காலியாகக் கொடுக்கலாம். அன்றைய லினக்ஸ் கெர்னல் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அப்போது ஆர்க்சி சுழி.

கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசை இலை போட்டு, நடுவே ஓர் இலையை எல்லைக்காகக் காலியாக விட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசையின் முதல் இலை வீட்டுப் பெரியவருக்கு. அவருக்கு ஏற்கெனவே பரிமாறியாயிற்று என்று நினைத்து, பரிமாறுபவர் எப்போதும் இரண்டாம் இலையிலிருந்தே தொடங்குகிறார். ஒருநாள் முதல் வரிசையில் ஆளே இல்லை. முதலில் இருப்பதே அந்த எல்லை இலைதான். அவர் பழக்கப்படி அதைத் தாண்டி அடுத்த இலையில் பரிமாறுகிறார். அது அடுத்த வரிசைக்காரருடைய இலை.

பிகேஎக்ஸெக்கின் மெயின் பகுதியில் நடப்பது இதுவே. ஒரு ஃபார் சுழற்சி என் என்ற எண்ணை 1-லிருந்து தொடங்குகிறது. ஆர்க்சி சுழி என்பதால் சுழற்சி ஒருமுறைகூட ஓடுவதில்லை. என் 1 என்றே நிற்கிறது. அடுத்த வரி ஆர்க்வியின் 1-ஆம் இடத்தில் இருப்பதை, ஓட்ட வேண்டிய நிரலின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அங்கிருப்பது முதல் சூழல் மாறி. இது எல்லை தாண்டிய வாசிப்பு. அந்தப் பெயர் சாய்கோட்டில் தொடங்கவில்லை என்றால் அதைத் தேடிக் கண்டுபிடித்து, கிடைத்த முழுப் பாதையை அதே 1-ஆம் இடத்தில் எழுதுகிறது. இது எல்லை தாண்டிய எழுத்து.

சின்ன சி நிரல் ஒன்று எழுதினேன். ஆர்க்சியையும் ஆர்க்வியின் 1-ஆம் இடத்தையும் அச்சிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இன்னொரு நிரல், எக்ஸெக்விஇ மூலம் இதைக் காலி வரிசையோடும், ‘இதுசூழல்=1’ என்ற ஒரே ஒரு சூழல் மாறியோடும் அழைக்கும். திரையில் வந்தது: 0, அதற்குக் கீழே இதுசூழல்=1. படித்துத் தெரிந்துகொண்டதுதான். இருந்தாலும், சூழலில் வைத்த சொல் உள்ளீட்டுச் சொல்லாக வந்து நின்றதைப் பார்க்கும்போது ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது.

பிறகு அதே அழைப்பு நிரலை பிகேஎக்ஸெக்கின் பக்கம் திருப்பினேன். சூழல் காலியாகப் போவதால் மொழி அமைப்பும் போய்விடும், தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. ஆகவே இந்த முறை சோதனைச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்தேன். பிகேஎக்ஸெக் கொடுத்த பதில்: இந்த நிரலை ஓட்ட முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை. ‘இந்த நிரல்’ என்று அது குறிப்பிட்டது நான் சூழலில் வைத்த சொல்லை. எதையும் உடைக்காமல், ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இந்த ஒரு வரி போதும்.

இது எப்படி ரூட்டாக மாறுகிறது என்பதுதான் அழகான பகுதி. அழகு என்று சொல்லக் கூசினாலும் வேறு சொல் இல்லை. செட்யுஐடி நிரல் தொடங்கும்போது, ஆபத்தான சூழல் மாறிகளை, நூலகங்களை ஏற்றித்தரும் டைனமிக் லிங்கர் முன்கூட்டியே களைந்துவிடும். மெயின் பகுதி தொடங்குவதற்கு முன்பே அந்தச் சோதனை முடிந்துவிடும். பிகேஎக்ஸெக்கின் எல்லை தாண்டிய எழுத்து நடப்பது அதற்குப் பிறகு. ஆகவே களையப்பட்ட மாறியையே, அடைவின் பெயரில் சமக்குறி வைப்பது போன்ற தந்திரத்தால், ‘கண்டுபிடித்த பாதை’ என்ற வேடத்தில் மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடலாம். குவாலிஸ் தேர்ந்தெடுத்தது ஜிகான்வ்_பாத் என்ற மாறி. எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் துணை நூலகங்களை எந்த அடைவிலிருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்வது அது. பிகேஎக்ஸெக் கொஞ்ச நேரத்தில் தன் சூழல் முழுவதையும் துடைத்துவிடும். அதற்குள் ஒரு பிழைச் செய்தியை அச்சிட வைக்க வேண்டும். செய்தி யுடிஎஃப்-8 அல்லாத குறியாக்கத்துக்குப் போக வேண்டியிருந்தால், மாற்றுவதற்கான நூலகம் ஏற்றப்படும். அது தாக்குபவர் எழுதிய நூலகம். ஓடுவதோ ரூட் உரிமையில். சற்றுமுன் தமிழ் எழுத்து தெரியாது என்று நான் ஒதுங்கிப்போனேனே, அதே மாற்று இயந்திரம்தான் இங்கே கதவைத் திறக்கிறது.

நினைவகச் சிதைவு என்றதும் முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆர், ஸ்டாக் மிதிபட்டால் காட்டிக்கொடுக்கும் ஸ்டாக் கேனரி, இயக்க முடியாத நினைவகப் பக்கங்கள் எல்லாம் காப்பாற்றும் என்று நம்பத் தோன்றும். இங்கே அவற்றால் ஒரு பயனும் இல்லை. எந்த முகவரியையும் ஊகிக்க வேண்டியதில்லை, எந்தத் திரும்பு முகவரியும் மிதிபடவில்லை. 32 பிட்டோ 64 பிட்டோ, இன்டெல்லோ ஆர்மோ, கதை ஒன்றுதான். போல்கிட் டீமன் ஓட வேண்டும் என்றுகூட அவசியமில்லை. மற்ற ஓட்டைகளைப் போல பத்துக்கு ஒருமுறை பலிப்பது அல்ல இது. பலித்துக்கொண்டே இருக்கும்.

பிகேஎக்ஸெக்கை ஆர்க்சி சுழியோடு அழைத்தால் சூழல் மாறியை வாசிக்கிறது என்று 2013-லேயே ரயன் மாலன் என்பவர் எழுதியிருந்தார். பாதுகாப்பை உடைக்கும் வழி மட்டும் அவருக்கு அப்போது புலப்படவில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற வேறோர் இயக்குதளத்தின் கெர்னலோ காலி வரிசையையே ஏற்பதில்லை. அதனால் அங்கே இந்தப் பிழைக்கு வாழ்வில்லை.

திருத்தம் வந்தபின்

மின்ட் 20-இல் வந்த திருத்தப்பட்ட போல்கிட் 0.105-26உபுண்டு1.2. மின்ட் 19.3-க்கு 0.105-20உபுண்டு0.18.04.6. ஏபிடி பாலிசி கட்டளையில் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேன். மூல நிரலில் திருத்தம் சில வரிகளே. ஆர்க்சி 1-க்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்திலேயே வெளியேறு. இவ்வளவு தப்பாக அழைப்பவன் நல்ல எண்ணத்தோடு அழைத்திருக்க மாட்டான், மரியாதை பார்க்க வேண்டாம் என்கிற பொருளில் ஒரு குறிப்பும் அங்கே உண்டு. படித்துவிட்டுச் சிரித்தேன். மெய்நிகர் கணினியில் புதியதை நிறுவி மறுபடி என் சோதனை நிரலை ஓட்டினால் பிகேஎக்ஸெக் வாயே திறக்காமல் முடிந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று. தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி நிரல், கோப்பைப் புதிதாக வைக்கிறது. கூடவே பழைய அனுமதியும், அதாவது எஸ் எழுத்தும், திரும்பிவிடும். திருத்தம் வந்த கணினிகளுக்கு இது வசதி. ஜிபார்ட்டெட் தானாகவே உயிர்பெற்றது, நான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் திருத்தமே வராத கணினியில் இது ஆபத்து. யாராவது போல்கிட்டை மறுநிறுவல் செய்தாலும் ஓட்டை சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். மின்ட் 17-க்கான பொது ஆதரவு 2019-லேயே முடிந்துவிட்டதால் அதற்கு சிஎச்மாட் போதாது. அங்கே டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கட்டளையால், இந்தக் கோப்பு எப்போதுமே ரூட், ரூட், 0755 என்று பதிந்துவைத்தேன். அதன்பின் தொகுப்பை எத்தனை முறை மறுநிறுவினாலும் எஸ் திரும்புவதில்லை, செய்தே பார்த்துவிட்டேன். அந்தக் கால மின்ட்டில் பல கருவிகள் சூடோவின் வரைகலை வடிவமான ஜிகேசூடோ வழியாக ஓடுபவை என்பதால் பிகேஎக்ஸெக் முடங்கியது யாருக்கும் உறைக்கவில்லை. இணையக் கேபிளையும் உருவிவிட்டேன். ஸ்கேனருக்கு அது தேவையில்லை.

ஏற்கெனவே யாராவது புகுந்திருக்கிறார்களா என்று பார்ப்பது மனநிறைவு தராத வேலை. இந்தத் தாக்குதலின் ஒரு வடிவம் உள்நுழைவு, அனுமதி விவரங்கள் பதியும் ஆத் பதிவேட்டில் தடம் விடும். ஷெல் என்ற மாறியின் மதிப்பு, ஏற்கப்பட்ட ஷெல்களைப் பட்டியலிடும் ஷெல்ஸ் கோப்பில் இல்லை என்றோ, ஒரு சூழல் மாறியில் சந்தேகத்துக்குரிய உள்ளடக்கம் இருக்கிறது என்றோ வரி வரும். சுருக்கி வைக்கப்பட்ட பழைய பதிவேடுகளையும் சேர்த்து இசட்கிரெப் கொண்டு தேடினேன். எதுவும் அகப்படவில்லை. தடமே விடாமலும் செய்ய முடியும் என்று குவாலிஸ் அதே அறிக்கையில் சொல்லிவிட்டது. பிழையின் வயது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். எங்கள் பதிவேடுகள் சுழற்சியில் நிற்பது நான்கு வாரம். ஆகவே மாணவர்கள் புழங்கும் கணினிகளைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டேன். வீட்டுக் கோப்புறைகளை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொண்டேன். தேவையில்லாத வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

நிறுவும்போதே, எஸ் எழுத்து உள்ள மற்ற கோப்புகள் எவை என்றும் பட்டியல் எடுத்தேன். ஃபைண்ட் கட்டளைக்கு, அனுமதியில் 4000 பிட் இருப்பவை மட்டும் என்ற நிபந்தனை கொடுத்தால் போதும். சூடோ, எஸ்யு, பாஸ்வேர்டை மாற்றும் பாஸ்டபிள்யூடி, மவுண்ட், அன்மவுண்ட், ஃப்யூஸர்மவுண்ட் வந்தன. இவை எதிர்பார்த்தவை. கூடவே சிஎச்எஃப்என், சிஎச்எஸ்எச், நியூஜிஆர்பி, டயல்-அப் இணைப்புக்கான பிபிபிடி. பயிற்சி மையத்தில் தன் முழுப்பெயரையோ லாகின் ஷெல்லையோ மாற்றிக்கொள்ள யாருக்கும் அவசரம் இல்லை. டயல்-அப் மோடத்தைப் பார்த்தே வெகுகாலம் ஆயிற்று. இந்த நான்கிலும் ஸ்டாட்ஓவர்ரைடு வைத்து எஸ் எழுத்தை எடுத்துவிட்டேன். செட்யுஐடி என்ற யோசனை யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியுடையது. 1979-இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் பிட் உள்ள ஒவ்வொரு கோப்பும், யார் எப்படி அழைத்தாலும் தடுமாறாதபடி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற பாரத்தைச் சுமக்கிறது.

கெர்னல் பக்கமும் பிறகு சரிசெய்தார்கள். லினக்ஸ் 5.18-லிருந்து, முதல் வரிசை காலியாக வந்தால் கெர்னலே ஒரு வெற்றுச் சொல்லை அங்கே உட்கார வைத்துவிடுகிறது. நீண்டகால ஆதரவு பெறும் பழைய கெர்னல் பதிப்புகளுக்கும் இந்த மாற்றம் போனது. புதிய கெர்னலில் என் சி நிரலை ஓட்டியபோது ஆர்க்சி 1 என்றது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில், இந்த நிரல் அந்த நிரலைக் காலி வரிசையோடு தொடங்கியது, வெற்றுச் சொல் சேர்க்கப்பட்டது என்று ஓர் எச்சரிக்கையும் விழுந்தது. பிகேஎக்ஸெக் மட்டுமல்ல, இதே நம்பிக்கையில் எழுதப்பட்ட அத்தனை நிரல்களுக்கும் சேர்த்துக் கிடைத்த பாதுகாப்பு இது. 2009-லேயே இருந்திருக்கலாம்.

32 பிட் கணினிகளை 2023-இல் வெளிவந்த டெபியன் 12-க்கு மாற்றினேன். அதில் பிகேஎக்ஸெக் தனித் தொகுப்பு. போல்கிட் டீமனை வைத்துக்கொண்டு இதை மட்டும் நீக்க முடியும். நீக்கச் சொன்னால், கூடவே என்னென்ன போகும் என்று ஏபிடி பட்டியல் காட்டும். வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும். மாணவர் கணினிகளில் சம்மதம் சொல்லிவிட்டேன். என் மேசைக் கணினியில் ஜிபார்ட்டெட் வேண்டியிருப்பதால் அதில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.